பரிமாறுகிறவர் எந்தப் பக்கம் வருவார்?

கேள்வி: அடையாறு பக்கம் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் 14-ஆவது மாடியில் பெரிய ஃபிளாட் ஒன்று வாங்கியிருக்கிறோம். தினமும் நாங்கள் சாப்பிடுவதற்குச் சமையலறைக்குள்ளேயே ஒரு சின்ன மேசை போட இடமிருக்கிறது. அதுபோக, விருந்தினருக்கென்றே தனியாக ஒரு டைனிங் ஹால்: வடக்கு தெற்காக 19 அடி, கிழக்கு மேற்காக 13 அடி. சமையலறை வாசல் வடக்கே. ஹாலிலிருந்து வரும் வாசல் தெற்கே. மேற்கே பெரிய ஜன்னல். கிழக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் விருந்தினர் பாத்ரூம். என் கணவர் தொழில் சம்பந்தமாக அடிக்கடி விருந்து வைக்க வேண்டியிருக்கும். இன்டீரியர் டிசைனர் கம்ப்யூட்டரில் படம் போட்டுக் காட்டினார். கூரையைச் சுற்றித் தங்க நிறப் பூவேலை, நடுவில் பெரிய கிரிஸ்டல் சரவிளக்கு, 12 பேர் உட்காரும் இத்தாலியன் மார்பிள் மேசை, ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி, இன்னொரு சுவரில் வால்பேப்பர், கீழே கம்பளம். நட்சத்திர ஹோட்டல் மாதிரி இருக்கிறது. கணவருக்குப் பிடித்துவிட்டது. மாமியார் படத்தைப் பார்த்துவிட்டு இரண்டே கேள்விதான் கேட்டார்: "கை கழுவ எங்கே போறது? தெக்கே பாத்து யாரை உக்கார வைப்பீங்க?" டிசைனரிடம் பதில் இல்லை. நீங்கள் சொல்லுங்கள், எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, சென்னை

பதில்: உங்கள் மாமியார் கேட்ட இரண்டு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது. என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: பரிமாறுகிறவர் எந்தப் பக்கம் வருவார்?

டிசைனர் காட்டிய படத்தில் ஒரு ஆள்கூட இருந்திருக்க மாட்டார். நாற்காலிகள் எல்லாம் மேசைக்கடியில் ஒட்டத் தள்ளியிருக்கும். அதனால்தான் அறை அவ்வளவு விசாலமாகத் தெரிகிறது. அதில் 12 பேரை உட்காரவைத்து, அவர்களுக்குப் பின்னால் சாம்பார் வாளியோடு ஒருவரை நடக்கவிட்டுப் படம் கேளுங்கள். அந்தப் படம் வேறு மாதிரி இருக்கும்.

விருந்து அறையின் அலங்காரம் எங்கேயும் எப்போதும் பரிமாறும் முறையின் பின்னால்தான் போயிருக்கிறது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பணக்கார வீட்டு விருந்தென்றால் பல பதார்த்தங்களையும் ஒரே நேரத்தில் மேசையில் பரப்பிவிடுவார்கள். அவரவர் எட்டியதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய முறை பரவியது. ஒவ்வொரு பதார்த்தமாகப் பணியாளர் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கொடுக்கிற முறை. பாத்திரங்கள் மேசையைவிட்டுப் போனதும் நடுவில் இடம் காலியானது. நாம் ஹோட்டல்களில் பார்க்கிற நடுமேசைப் பூந்தொட்டியும், கிளைவிட்ட மெழுகுவர்த்தித் தாங்கியும் அந்தக் காலியிடத்தில் வந்து செழித்தவை. அவ்வளவு தூரம் போகவேண்டாம், நம் டெல்லி குடியரசுத் தலைவர் மாளிகையின் விருந்து மண்டபத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 104 பேர் ஒரே நீள மேசையில் உட்காரலாம். சுவரில் முன்னாள் குடியரசுத் தலைவர்களின் படங்கள். அந்தப் படங்களுக்கு மேலே சிறு விளக்குகள் இருக்கின்றன. எப்போது பரிமாறத் தொடங்குவது, எப்போது தட்டை எடுப்பது என்று பணியாளர்களுக்குச் சைகை காட்டும் விளக்குகள் அவை. விருந்தாளிக்கு அது அலங்காரம், பரிமாறுகிறவருக்கு அது உத்தரவு.

நம் பந்தியில் பரிமாறுகிறவர் சாப்பிடுகிறவருக்கு எதிரே நிற்கிறார். இலையும் தெரியும், முகமும் தெரியும். "இன்னும் கொஞ்சம்" என்று கேட்பதற்குமுன் கரண்டி சாய்ந்துவிடும். கல்யாண மண்டபத்து மேசையைக் கவனித்திருப்பீர்கள். குறுகலாக இருக்கும், ஒரு பக்கம்தான் நாற்காலி, மறுபக்கம் பரிமாற. தரைப் பந்தியை நாற்காலி உயரத்துக்குத் தூக்கியவர் யாரோ தெரியாது, ஆனால் கெட்டிக்காரர். உங்கள் வீட்டில் மேசையின் இரு பக்கமும் ஆள் உட்காரப் போகிறார்கள். ஆகவே பரிமாறுகிறவர் முதுகுப் பக்கமாகத்தான் வரவேண்டும். அவருக்கு வழி விடுவதுதான் முதல் வேலை. மற்றதெல்லாம் பிறகு.

கணக்கு போடுவோம். மேசையின் விளிம்பிலிருந்து சுவர்வரை 3 அடி இருந்தால் நாற்காலியை இழுத்து உட்காரலாம், அவ்வளவுதான். உட்கார்ந்திருப்பவருக்குப் பின்னால் கையில் பாத்திரத்தோடு ஒருவர் போக 4 அடி வேண்டும். உங்கள் அறையின் அகலம் 13 அடி. கிழக்குச் சுவரில் பாத்திரங்களை வைத்துப் பரிமாற ஒன்றரை அடி ஆழத்தில் ஒரு நீள அலமாரி (சைட்போர்டு என்பார்கள்). மீதி பதினொன்றரை அடி. இரு பக்கமும் 4 அடி விட்டால் மேசைக்கு மூன்றரை அடி அகலம் கிடைக்கிறது. அதுதான் சரியான அகலமும்கூட. இலை போட்டால் ஒவ்வொரு பக்கமும் ஒன்றேகால் அடி போகும். நடுவில் ஓரடி மிச்சம். 4 அடிக்கு மேல் அகலம் வைத்தால் எதிரே இருப்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டும்.

நீளம் 12 அடி வைக்கலாம். வடக்கிலும் தெற்கிலும் மூன்றரை அடி மிஞ்சும். வெளிநாட்டு அளவுப் புத்தகங்களில் ஒருவருக்கு 24 அங்குலம் போதும் என்றிருக்கும். அது தட்டும் முள்கரண்டியும் வைத்துச் சாப்பிடுகிறவர்களின் கணக்கு. தலைவாழை இலைக்கும், கையால் பிசைந்து சாப்பிடும்போது விரிகிற முழங்கைக்கும் அது பற்றாது. 28, 29 அங்குலமாவது வேண்டும். அப்படியானால் பக்கத்துக்கு 5 பேர், மொத்தம் 10.

இப்போது மாமியாரின் தெற்குக் கேள்விக்கு வருகிறேன். வாஸ்துவில் உங்கள் டிசைனருக்கு நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே அல்ல. சாப்பிட வருகிற பெரியவர்களுக்கு மனசங்கடம் இருக்கக் கூடாது. மேசையை வடக்கு தெற்காக நீளவாட்டில் போட்டால் இரு பக்கத்தவரும் கிழக்கையும் மேற்கையும் பார்ப்பார்கள். தெற்கு முனையில் ஒரு நாற்காலி. அதில் உட்காருகிறவர் வடக்கே பார்ப்பார். வடக்கு முனையில் உட்கார்ந்தால்தான் தெற்கே பார்க்க வேண்டிவரும். அங்கே நாற்காலியே போடாதீர்கள். சமையலறை வாசல் அந்தப் பக்கம்தானே? பரிமாறுகிறவர் வந்து நின்று மேசை முழுவதையும் ஒரு பார்வை பார்க்க அந்த இடம் வேண்டும். ஆக 11 பேர். 12-ஆவது ஆள் வந்தே தீருவார் என்றால் வீட்டுக்காரர் பரிமாறட்டும். நம் ஊரில் அது மரியாதைக் குறைவு அல்ல.

பரிமாறுவது இடது தோள் பக்கமாக. வலது கை சாப்பாட்டில் இருக்கும். அந்தப் பக்கம் கரண்டியை நீட்டினால் முழங்கை இடிக்கும். தண்ணீர் டம்ளரும் இடது பக்கமே இருக்கட்டும், எச்சில் படாத கை அதுதான். ஹோட்டல் பயிற்சி பெற்றவர்கள் டம்ளரை வலது பக்கம் வைப்பார்கள். சொல்லித் திருத்துங்கள்.

மார்பிள் மேசையை விட்டுவிடுங்கள். விலைக்காகச் சொல்லவில்லை. மார்பிள் சுண்ணாம்புச் சத்துள்ள கல். எலுமிச்சை, புளி, தயிர் எது சிந்தினாலும் அமிலம் பளபளப்பை அரித்துவிடும். 'சீலர்' பூசினால் கறை இறங்குவது குறையும், அரிப்பு நிற்காது. ரசம் பரிமாறுகிற வீட்டுக்கு அந்தக் கல் ஆகாது. இன்னொரு சிக்கல், 12 அடிக்கு மூன்றரை அடி, 20 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே கல் என்றால் 200 கிலோவைத் தாண்டும். உங்கள் லிஃப்டில் 12 அடிக் கல் நிற்காது. 14 மாடி படியில் தூக்க ஆள் சொல்ல வேண்டும். கல்தான் வேண்டும் என்று கணவர் ஒற்றைக்காலில் நின்றால் கிரானைட் போடுங்கள். 'காஷ்மீர் ஒயிட்' என்று விற்கிற வெளிர்நிறக் கிரானைட் மதுரைப் பக்கம் வெட்டி எடுப்பது. புளிக்கு அசையாது. ஆனால் கல்மேல் எவர்சில்வர் பாத்திரம் வைக்கும் சத்தம் ஒவ்வொரு தடவையும் அறை முழுக்கக் கேட்கும்.

என்னைக் கேட்டால் தேக்கு. பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற பர்மா தேக்கு உத்தரங்கள் சென்னைப் பழைய மரக்கடைகளில் கிடைக்கின்றன. பல வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்கிக்கொள்வது குறைவு. ஆணி துளைகள் இருக்கும், இருக்கட்டும். ஆறடியில் இரண்டு மேசையாகச் செய்து சேர்த்துப் போடச் சொல்லுங்கள், லிஃப்ட் பிரச்சினை தீர்ந்தது. ஒன்றை மட்டும் ஆசாரியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: நான்கு மூலையிலும் கால் வேண்டாம், நடுவில் ஒற்றைத் தூண் போன்ற கால். மூலைக்கால் வைத்தால் இரண்டு மேசையும் சேருகிற இடத்தில் உட்காருகிற மூன்றாம் ஆளுக்கு முழங்கால் வைக்க இடமிருக்காது. உயரம் இரண்டரை அடி. மேலே பியூ பாலிஷ். அதுவும் கொதிக்கிற பாத்திரத்தைத் தாங்காது, வெள்ளை வட்டம் விழும். சூடான பாத்திரங்கள் சைட்போர்டோடு நிற்கட்டும். அதன் மேல்தட்டை மட்டும் கிரானைட்டில் போட்டு, பின்சுவரில் இரண்டு ப்ளக் பாயிண்ட் வைத்துக்கொண்டால் சாதம் சூடாக இருக்கும்.

கை கழுவும் இடம். கையால் சாப்பிடுகிற வீட்டில் எவ்வளவு பெரிய மனிதர் வந்தாலும் சாப்பிட்டு முடித்ததும் கையை ஏந்தியபடி எழுந்து நடக்கத்தான் வேண்டும். அவர் நடக்கிற தூரம் குறைவாகவும், வழியில் கதவுப் பிடியைத் தொட வேண்டிய அவசியம் இல்லாமலும் இருப்பது விருந்தோம்பலில் சேர்த்தி. ஃபிளாட்டில் வாஷ் பேசினை நினைத்த சுவரில் வைக்க முடியாது. பாத்ரூம் தரைக்கு அடியில்தான் கழிவுக்குழாய் ஓடத் தாழ்வான தளம் விட்டிருப்பார்கள். மற்ற இடத்தில் குழாய்க்குச் சாய்வு கிடைக்காது. உங்கள் அதிர்ஷ்டம், கிழக்குச் சுவருக்குப் பின்னால் பாத்ரூம் இருக்கிறது. அந்தச் சுவரின் தென்கோடியில் பேசின் வையுங்கள்.

புதிய கட்டடமென்றால் அது 'மைவான்' முறையில் கட்டியதா என்று பில்டரிடம் கேளுங்கள். அலுமினிய அச்சு வைத்துச் சுவரையும் கூரையையும் சேர்த்து காங்கிரீட்டில் வார்க்கும் முறை. அப்படியானால் சுவரை வெட்டிக் குழாய் பதிக்கக் கூடாது. பில்டரின் எழுத்து மூல அனுமதியோடு துளை மட்டும் போட்டு, குழாயைச் சுவருக்கு வெளியே விட்டு, முன்னால் மரப்பலகை அடித்து மறைக்க வேண்டும். அரையடி இடம் போகும். போகட்டும். பேசின் ஆழமாக இருக்கட்டும். கடைகளில் தட்டு மாதிரி வருகிற மேல்தட்டு பேசினில் வாய் கொப்பளித்தால் சட்டையில்தான் தெறிக்கும். குழாய் முழங்கையால் திறக்கிறதாகவோ சென்சார் வைத்ததாகவோ இருப்பது நல்லது. மேசையிலிருந்து பார்த்தால் பேசின் தெரியாதபடி நடுவில் ஒரு மரத்தடுப்பு. பழைய வீட்டு ஜன்னல் சட்டம் ஏதாவது கிடைத்தால் அதற்கு அதுவே போதும்.

கம்பளம் வேண்டாம். காரணம் சொல்லவும் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

கேள்வி: நீங்கள் சொன்ன அளவுகளைப் படித்துவிட்டுக் கணவர் மேசை விஷயத்தில் இறங்கி வந்துவிட்டார். ஆனால் சரவிளக்கையும் கூரையின் தங்க வேலையையும் விடமாட்டேன் என்கிறார். கூரை உயரம் 10 அடி. சென்னையில் மின்விசிறி இல்லாமல் இருக்க முடியுமா என்று மாமியார் கேட்கிறார். இரண்டும் ஒன்றாக வருமா?

பதில்: தங்க வேலையை முதலில் பார்ப்போம், உங்கள் டிசைனரின் படம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தின் ரிஷ்லியூ பகுதியில் மூன்றாம் நெப்போலியன் காலத்து அமைச்சர் ஒருவருக்காகக் கட்டி 1861-ல் முடித்த இல்லம் இருக்கிறது. 1989 வரை பிரான்ஸின் நிதி அமைச்சகம் அங்கே இருந்தது. 1993 முதல் பொதுமக்கள் பார்க்கலாம். நீள மேசையோடு பெரிய உணவறை, பக்கத்தில் தங்க முலாமும் சிவப்பு வெல்வெட்டும் கிரிஸ்டல் விளக்குகளுமாக வரவேற்பறை. உலகம் முழுக்க ஆடம்பர உணவறை என்று வரைகிறவர்கள் தெரிந்தோ தெரியாமலோ இந்த வகை அறைகளைத்தான் வரைகிறார்கள்.

அங்கே தங்கத்துக்கு ஒரு வேலை இருந்தது. மெழுகுவர்த்தி காலத்திலிருந்து வந்த ஏற்பாடு அது. சுடர் அசையும், வெளிச்சம் போதாது. அந்தக் கொஞ்ச வெளிச்சத்தைத் தங்க முலாம், கண்ணாடி, கிரிஸ்டல் மூன்றும் பிடித்துப் பெருக்கித் திருப்பித் தரும். அந்தக் கூரைகள் நம் கூரையைப்போலப் பல மடங்கு உயரம். உங்கள் 10 அடிக் கூரையில், ஃபால்ஸ் சீலிங் போட்டு அரையடி இறக்கி, அதில் வரிசையாக எல்.இ.டி. பதித்து, அதன் நடுவே தங்கப் பூவேலை செய்தால் வெளிச்சம் நேராக மேலேயிருந்து கொட்டும். தங்கம் மின்னாது, மஞ்சள் பெயின்ட்டாகத் தெரியும். பகலில் இன்னும் மோசம். தங்கம் வேண்டுமானால் சின்னப் பொருளாக, தாழ்வான வெளிச்சத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். கூரை வெள்ளையாகவே இருக்கட்டும்.

சரவிளக்குக்கு நான் எதிரி இல்லை. ஆனால் மூன்றரை அடி மேசைக்கு மேல் தொங்குகிற விளக்கின் விட்டம் மேசை அகலத்தில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குவரை இருக்கலாம். அதாவது 21 முதல் 28 அங்குலம். டிசைனரின் படத்தில் உள்ளதுபோல மேசையைவிட அகலமான சரவிளக்கு நட்சத்திர ஹோட்டல் வாசலுக்குச் சரி. 12 அடி நீளத்துக்கு ஒன்று போதாது, இரண்டு வேண்டும். ஒவ்வொரு ஆறடி மேசைக்கும் நடுவில் ஒன்று. விளக்கின் அடிப்பகுதி மேசையிலிருந்து 36 அங்குலம் மேலே நிற்கட்டும். 30 அங்குலம் போதும் என்பார்கள்; ஆனால் எழுந்து நின்று எதிரே இருப்பவருக்கு அப்பளத்தை நீட்டுகிற ஊர் நமது. இதிலிருந்து இன்னொன்றும் வருகிறது: மேசையை அங்கே இங்கே தள்ளக் கூடாது. தள்ளினால் தரையிலிருந்து ஐந்தரை அடியில் தொங்குகிற விளக்கு யார் நெற்றியையாவது பதம் பார்க்கும்.

எதில் தொங்கவிடுவது என்பதைக் கட்டாயம் கவனியுங்கள். கிரிஸ்டல் விளக்குகள் சில 30, 40 கிலோ இருக்கும். ஃபால்ஸ் சீலிங்கின் தகரச் சட்டம் அதைத் தாங்காது. மேலே உள்ள காங்கிரீட் தளத்தில் ஆங்கர் அடித்து அதிலிருந்து இறக்க வேண்டும். புதிய உயரக் கட்டடங்களில் 'போஸ்ட் டென்ஷன்' தளம் இருப்பதுண்டு. காங்கிரீட்டுக்குள் எஃகுக் கம்பிவடங்களை முறுக்கேற்றி இழுத்துக் கட்டியிருப்பார்கள். டிரில் அந்த வடத்தில் பட்டால் வடம் அறுந்து தெறிக்கும், ஆளுக்கும் ஆபத்து, தளத்துக்கும் சேதம். எலெக்ட்ரீஷியனுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. பில்டரிடம் தளத்தின் வரைபடம் வாங்கி, வடம் ஓடாத இடத்தைக் குறித்துக் கொடுத்த பிறகுதான் டிரில்லை எடுக்கவிட வேண்டும்.

பல்பு வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள். நிறம் 2700 கெல்வின். சி.ஆர்.ஐ. என்று ஒரு எண் இருக்கும், 90-க்கு மேல் வேண்டும். பொருளின் உண்மை நிறத்தை விளக்கு எவ்வளவு காட்டுகிறது என்பதற்கான அளவு அது. மலிவு எல்.இ.டி. ஆழ்ந்த சிவப்பில்தான் கோட்டைவிடும். நம் சாப்பாட்டில் பாதி சிவப்பு: வத்தக்குழம்பு, பீட்ரூட், மிளகாய் தாளித்த எண்ணெய், செட்டிநாட்டுக் கோழி. எல்லாமே சாம்பல் பூத்தாற்போலத் தெரியும். சாப்பிடுகிறவர்களின் முகமும் அப்படியே. டிம்மர் வையுங்கள், வாங்குகிற பல்பு டிம்மருக்கு ஒத்துவருமா என்பதையும் பாருங்கள், இல்லையென்றால் சிமிட்டிக்கொண்டே இருக்கும்.

மின்விசிறியும் சரவிளக்கும் ஒரே அறையில் சண்டை போடும். விசிறிக்கு மேலே கூரை விளக்கு இருந்தால் இறக்கையின் நிழல் மேசைமேல் வெட்டி வெட்டி ஓடும்; கிரிஸ்டல் ஆடிக் கிணுகிணுக்கும்; சாதம் ஆறும், இலை பறக்கும். விருந்து அறையில் விசிறியைக் கூரையில் வைக்காமல் மேற்கு ஜன்னல் பக்கச் சுவரில் ஒன்றிரண்டு வைத்துவிடலாம். கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஏ.சி.யை எடுக்காவிட்டால் உதவும். ஏ.சி. காற்று மேசைக்கு நேரே விழக் கூடாது. தெற்குச் சுவரில் உயரமாக வைத்து, காற்று கூரையை ஒட்டிப் போகும்படி மடலைத் திருப்பிவிடுங்கள். குழம்பின்மேல் எண்ணெய் உறைவதைப் பார்த்துக்கொண்டே யாரும் ரசித்துச் சாப்பிட முடியாது.

கேள்வி: பழைய வீட்டுப் பொருட்களைப் பற்றி நான் முதல் கடிதத்தில் எழுதவில்லை. மாமனாரின் ஊர் காரைக்குடிப் பக்கம். பங்கு பிரித்ததில் எங்களுக்கு ஆளுயர பெல்ஜியம் கண்ணாடி ஒன்று, வெண்ணெய்க் கிருஷ்ணன் தஞ்சாவூர் ஓவியம், ரவிவர்மா படம் இரண்டு, பித்தளை, எனாமல் பாத்திரங்கள் வந்திருக்கின்றன. இவற்றை வைத்தால் அறை பழசாகத் தெரியும் என்கிறார் டிசைனர். ஆத்தங்குடிக் கல் போட்டால் பொருந்துமா?

பதில்: இதை முதலிலேயே சொல்லியிருந்தால் டிசைனரை இவ்வளவு தூரம் இழுத்திருக்க மாட்டேன்! பர்மா தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் வெளிநாட்டு ஓடும் கப்பலில் வரவழைத்து வீடு கட்டியவர்களின் வாரிசுகளுக்கு ஆடம்பரம் என்றால் என்ன என்று ஹோட்டல் படம் காட்டுகிறார்.

செட்டிநாட்டு வீடுகளில் போஜன ஹால் எப்படியிருக்கும் என்று மாமனாரைக் கேளுங்கள். நீளமான கூடம், அதில் அநேகமாக மேசை நாற்காலி எதுவும் இருக்காது. தரையில் பந்தி. அலங்காரம் முழுக்கத் தூணிலும், சுவரிலும், தரையிலும். சுவரின் கீழ்ப்பகுதியில் பல வீடுகளில் வழவழப்பான ஓடு பதித்திருப்பார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுகிற உயரம்வரை துடைத்துச் சுத்தம் செய்ய அதைவிட வசதி கிடையாது. அதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றடி உயரத்துக்குத் தேக்குப் பலகையோ ஓடோ சுவரைச் சுற்றி வந்தால், நாற்காலி முதுகு இடித்துப் பெயின்ட் போவதும் நிற்கும்.

பெல்ஜியம் கண்ணாடியைப் பேசினுக்கு மேல் மாட்டத் தோன்றும். கூடாது. பழைய கண்ணாடியின் பின்பூச்சுக்கு ஈரம் பகை, ஓரத்திலிருந்து கறுக்கும். கண் மட்டத்தில் மேசைக்கு எதிரேயும் வேண்டாம், தான் சாப்பிடுவதைத் தானே பார்க்க யாருக்கும் பிடிக்காது. சுவர் முழுக்கக் கண்ணாடி வேண்டாம் என்பதற்கும் அதே காரணம். பழைய வீடுகளில் மாட்டியிருந்த மாதிரியே செய்யுங்கள். தெற்குச் சுவரில் ஏ.சி.க்கும் வாசலுக்கும் ஒதுங்கிய இடத்தில், கீழ் விளிம்பு ஐந்தடிக்கு மேலே இருக்கும்படி உயரத்தில், தலைப்பகுதி சற்று முன்னே சாய்ந்திருக்க மாட்டுவது. ஆளுயரக் கண்ணாடியை நின்றவாக்கில் மாட்டினால் உங்கள் கூரையை முட்டும். சட்டம் இடம் கொடுத்தால் படுக்கைவாட்டில் மாட்டுங்கள். சரவிளக்கு இரண்டும் மேசையும் மேலேயிருந்து பார்த்தாற்போல அதில் விழும். பின்னால் சுவரில் நல்ல ஆங்கரும், இரண்டு கம்பியும் வேண்டும். பழைய கண்ணாடி கனம்.

தஞ்சாவூர் ஓவியம் எங்கே என்பதை மாமியாரிடம் விடுங்கள். அசைவம் பரிமாறுகிற அறையில் வெண்ணெய்க் கிருஷ்ணன் இருக்கலாமா என்பதற்கு வீட்டுக்கு வீடு பதில் வேறு. அறையில் வைப்பதானால் வெளிச்சுவரைத் தவிருங்கள். பலகைமேல் துணி ஒட்டி, சுண்ணப்பசையால் எழுப்பிய வேலைமேல் தங்கத்தாள் ஒட்டியது அது. மழைக்காலத்தில் வெளிச்சுவர் ஈரம் இழுத்தால் பலகை வளையும், எழுப்பிய வேலை விரியும். ஜன்னல் மேற்கே என்கிறீர்கள். சாயங்கால வெயில் நேரே படவும் கூடாது, அந்த நேரத்தில் திரையை மூடி வையுங்கள். சைட்போர்டுக்கு மேலே நடுவில், சின்ன விளக்கு ஒன்று பக்கவாட்டிலிருந்து விழுகிற மாதிரி வைத்தால் அந்த அறையில் தங்கம் மின்ன வேண்டிய இடம் அதுவாக இருக்கும். உங்கள் கணவருக்கும் ஆறுதல்.

ரவிவர்மா படங்களை அந்தப் படங்களைப் பற்றித் தெரிந்தவர் ஒருவரிடம் காட்டுங்கள். அவர் 1894-ல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்தின் படங்கள் காரைக்குடி வீடுகளில் நிறைய உண்டு; பின்னால் வந்த மறு அச்சும் அதைவிட நிறைய உண்டு. அசலாக இருந்தால் அமிலமில்லாத அட்டை வைத்துச் சட்டத்தை மாற்றுங்கள். பழைய சட்டத்தின் பின்பலகையே தாளைப் பழுப்பாக்கிக்கொண்டிருக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பொருத்தமான பழைய சட்டம் கிடைக்கும். அங்கே போனால் படத்தை விற்றுவிட்டு வந்துவிடாதீர்கள்.

பாத்திரங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்காமல் பரிமாற எடுங்கள். எனாமல் கிண்ணம், அடுக்கு எல்லாம் சில்லு போகாமல் இருந்தால் மோருக்கும் பாயசத்துக்கும் தாராளமாக உதவும். பித்தளையில் மட்டும் கவனம் வேண்டும். உள்ளே ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் புளி சேர்ந்த எதையும் ஊற்றக் கூடாது. பூசித் தருகிற ஆள் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

ஆத்தங்குடிக் கல் கண்டிப்பாகப் பொருந்தும், ஆனால் கணக்கு பார்த்துத்தான். கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமென்ட்டும் மணலும் சேர்த்துக் கையால் செய்து, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கிற கல் அது, சூளையில் சுடுவதில்லை. சாதாரண விட்ரிஃபைடு டைலைப்போல இரு மடங்கு தடிமன். ஏற்கெனவே பில்டர் போட்ட டைல்மேல் ஒட்டினால் இரு வாசலிலும் தரை உயர்ந்து கால் தடுக்கும். கையில் பாத்திரத்தோடு வருகிறவர் தடுக்கி விழுகிற இடம் அதுதான். அறை முழுவதையும் பெயர்த்துவிட்டு, மட்டம் சரிபார்த்துப் போடுங்கள், அல்லது போடவே போடாதீர்கள். போட்டால் அமிலம் கலந்த தரைக் கழுவிகளைத் தொடாதீர்கள். தண்ணீரில் சில துளி தேங்காயெண்ணெய் விட்டுத் துடைக்கத் துடைக்க மினுமினுப்பு ஏறும். பூவேலை கனமாக உள்ள கல்லை எடுத்தால் சுவரில் வால்பேப்பர் நினைப்பை விட்டுவிட வேண்டியதுதான். கடற்கரைக்கு அவ்வளவு பக்கத்தில் எப்படியும் அதன் ஓரம் கிளம்பும்.

கேள்வி: கடைசியாக, சுவர் நிறமும் நாற்காலித் துணியும். வெல்வெட் வேண்டாம் என்று எனக்கே தெரிகிறது. வேறு என்ன?

பதில்: மரப்பலகைக்கு மேலே சுவர் அரக்கு நிறம், அல்லது கரும்பச்சை. இரவில் பயன்படுத்துகிற அறை, தைரியமாக அடர்நிறம் போடலாம். பளபளப்பில்லாத, ஆனால் துடைக்க முடிகிற எமல்ஷனாகப் பாருங்கள். மேற்கு ஜன்னலுக்குக் கூரையிலிருந்து தரைவரை கனத்த பருத்தித் திரை, மடிப்பு தாராளமாக விட்டு. வெயிலைவிட எதிரொலிக்கு அது அதிகம் தேவை. கல்தரை, காங்கிரீட் சுவர், கண்ணாடி, 11 பேர் ஒரே நேரத்தில் பேச்சு. உறிஞ்ச ஒரு துணியாவது இல்லாவிட்டால் வயதானவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே புரியாது.

நாற்காலிக்கு முதுகில் பிரம்புப் பின்னல், உட்காருமிடத்தில் மெத்தை. மெத்தை உறையைக் கழற்றித் துவைக்கிற மாதிரி ஜிப் வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். மஞ்சள் கறை படியத்தான் போகிறது, அடர் நிறமாக எடுத்துக்கொள்ளுங்கள். 'லெதரெட்' என்று காட்டுகிற பியூ பூச்சுத் துணி சென்னை ஈரப்பதத்தில் சில வருஷத்தில் செதில் செதிலாக உரியும். உட்காரும் உயரம் 18 அங்குலம், மெத்தை அமுங்கிய பிறகு. கைப்பிடி வைத்த நாற்காலி தெற்கு முனையில் ஒன்று போதும். பக்கங்களில் வைத்தால் ஐவர் உட்கார முடியாது. மொத்தத்தையும் ஒரேயடியாக ஆர்டர் கொடுக்காதீர்கள். முதலில் ஒன்றே ஒன்று செய்து வாங்கி, மாமனாரை அதில் உட்காரவைத்து ஒரு முழுச் சாப்பாடு போடுங்கள். அவர் நடுவில் நெளியாமல் மோர் வரைக்கும் வந்துவிட்டால் மீதிப் பத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம்.